கதையில் நம்ம லயம்



"இந்தக் கதையின் களம் யாது? கதை தரும் உணர்வு யாது?" இப்படிக் கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வருதுகள். நம்மிடம் கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் முழிக்கிறோம். இது பெரிய படிப்பு இல்லைங்க. நமக்குத் தெரிஞ்ச விசயம்தான், பேர்தான் புதுசு.

களம் என்றால் என்ன?

பெரட்டுக்களம் எல்லோருக்கும் தெரியும். காலையில் ஆட்கள் கூடி, வேலை பிரிச்சுக் கொடுக்கிற இடம். கதைக்கும் அப்படி ஒரு களம் உண்டு. எந்த இடம், எந்தக் காலம், எந்த நேரம், எப்படிப்பட்ட ஆட்கள் நடுவில் கதை நடக்குது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் களம். ராசா ராணிக் கதைக்கு "ஒரு ஊரில்" என்று தொடங்கினால் போதும். உள்ளபடி வாழ்க்கையைச் சொல்லும் கதைக்கு அது போதாது. இறப்பர் மலையா, தேயிலை மலையா? விடியலா, ராத்திரியா? வாசிக்கிற பிள்ளை அங்கே போய் நிற்க வேண்டும்.

அங்கே நின்றதும் மனசில் பயமோ சந்தோசமோ ஏக்கமோ ஒன்று வருகிறதே, அதுதான் கதை தரும் உணர்வு.

ஒரே மழை, மூன்று மனசு

நம்ம கேகாலை மாவட்டத்து மழையையே எடுத்துக்கொள்வோம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமெல்லாம் விடாமல் ஊத்தும்.

லயத்துப் பிள்ளைக்கு அந்த மழை சந்தோசம். கானில் கடதாசிக் கப்பல் விடலாம்.

பால் வெட்டுற தாய்க்கு அதே மழை கவலை. மரப்பட்டை நனைஞ்சால் வெட்ட முடியாது. இன்றைக்குப் பேர் விழுமா, அரைப்பேரோடு போகுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பாட்டிக்கு அந்த மழை பயம். 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. அன்றைக்கே புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தை மூடி, நம்ம சனங்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு ராத்திரி மழை பெய்தால் தூங்காத வயசாளிகள் நம்ம லயங்களில் இருக்கிறார்கள்.

இடம் ஒன்று, மழையும் ஒன்று. உணர்வு மட்டும் மூன்று. "மழை பெய்தது" என்று எழுதினால் மட்டும் உணர்வு வராது. யாருடைய கண்ணால் அந்த மழையைப் பார்க்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது.

தெரிந்த கதை ஒன்று

பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளைக் கேட்டால் "மடோல் தூவ" தெரியும் என்பார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் வெளியிட்ட நாவல். 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாகவும் எடுத்தார். உபாலி, ஜின்னா என்று இரண்டு பையன்கள் தென்பகுதியில் ஒரு வாவியின் நடுவே ஆளில்லாத தீவுக்குப் போகிறார்கள். காடு மண்டிக் கிடக்கும் தீவு. பேய் இருக்கிறது என்று சனங்கள் பயப்படும் இடம். அதே தீவில் காட்டை வெட்டி, பயிர் வைத்து, உழைத்த பிறகு அது அவர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிடுகிறது. ஆள் மாற மாற, அவன் கண்ணுக்கு இடமும் மாறுகிறது.

நம்ம எழுத்தாளர்கள்

நம்ம மலையகத்திலும் இப்படி எழுதினவர்கள் உண்டு. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஒரு நாவலுக்கு "வீடற்றவன்" என்று பேர் வைத்தார். வேலை போனால் காம்பராவும் போகும் என்ற நிலைமையை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. பதுளைப் பக்கத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப், தான் வேலை பார்த்த தோட்டத்தின் பேரையே தன் பேரோடு சேர்த்துக்கொண்டவர். 2022இல் காலமானார். ஒரே காம்பராவில் நெருக்கியடித்து வாழும் குடும்பத்தைப் பற்றி "மீன்கள்" என்ற சிறுகதை எழுதினார். அது பெரியவர்கள் வாசிக்க வேண்டிய கதை. காம்பரா சின்னது என்பதை எடுத்துவிட்டால் அந்தக் கதையே கிடையாது.

பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

"லயத்தில் சோகம் நிலவியது" என்று பிள்ளை எழுதினால், "சோகத்தை எதில் பார்த்தாய்?" என்று கேளுங்கள். "அடுப்புப் பத்தவைக்கல. அப்பாவின் பால் வாளி இஸ்தோப்பில் கவிழ்ந்தபடியே கிடந்தது" என்று எழுதட்டும். சோகம் என்ற சொல் இல்லாமலே சோகம் வந்துவிடும்.

பிறகு நாலு கேள்வி கேளுங்கள். என்ன நேரம்? என்ன சத்தம் கேட்குது? என்ன மணம் வருது? அந்த ஆள் அங்கே என்ன செய்கிறார்? எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிகூட இதைக் கேட்கலாம்.

நான் செய்த பிழை

களுபான சம்பவத்துக்கு அடுத்த வருசம் பிள்ளைகளுக்குக் கதைப்போட்டி ஒன்று வைத்தோம். எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, ராத்திரி மழையில் ஒரு லயத்தைப் பற்றி எழுதியிருந்தது. அதில் வரும் பாட்டி, எல்லோருடைய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கதவு ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் முழிச்சிருப்பாள். நான் சிவப்புப் பேனையை எடுத்து "லயம்" என்பதை "இல்லம்" என்று திருத்தினேன். பை வரும் இடத்தை "தேவையில்லை" என்று வெட்டினேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு போனது. அடுத்த போட்டிக்கு அது எழுதவில்லை.

அந்தப் பைதான் கதை என்று எனக்கு விளங்க ரொம்ப நாள் எடுத்தது. ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு ஓட ஒரு பை. பயம் என்று எழுதாமலே பயத்தைக் காட்டியிருந்தது அந்தப் பிள்ளை.

மாளிகையும் கடற்கரையும் வந்தால்தான் கதை என்று நம்ம பிள்ளைகள் நினைப்பதற்கு, என்னைப் போன்ற பெரியவர்களும் காரணம். பீலியடியும் பிள்ளைக்காம்பராவும் கதைக்கு ஏற்ற இடங்கள்தான்.

பிள்ளைகள் எழுதியதை வெல்பெயார் ஆபீசில் கொடுத்து விடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன். லயம் என்று எழுதினால், அது லயமாகவே இருக்கும்.