நின்ற சேவையகமும் நிலைத்த சான்றும்

ரயில் முன்பதிவாயினும் தேர்வு விண்ணப்பமாயினும், நாம் திரையில் அழுத்தும் பொத்தானுக்கு அப்பால் உழைப்பது பயன்பாட்டுச் சேவையகமாகும். அலுவலகங்களில் இதனை அப்ளிகேஷன் சர்வர் என்பர். விண்ணப்பத்தின் இறுதி நாளன்று அஃது அசைவற்று நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். பொறுப்பாளர் அதனை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். சேவை திரும்பிவிடுகிறது, ஆனால் நின்றதன் காரணம் நினைவகத்தோடு அழிந்துபோகிறது. மாலையில் அதே கோளாறு மறுபடியும் நேர்கிறது. விண்ணப்பிக்க இயலாது போன மாணவருக்கு விடை கூற எவரிடமும் எதுவுமில்லை.

ஆதலின், சான்று திரட்டும் ஏற்பாடு கோளாற்றுக்கு முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். ஜாவா மொழியில் அமைந்த சேவையகங்களைக் காண்போம். வந்துசேரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் பொதுவாக ஓர் இழை ஏற்று நடத்துகிறது. (த்ரெட் என்பதற்கு வாய்த்த இச்சொல், மொழிபெயர்ப்பாளருக்கு அரிதாகக் கிட்டும் எளிய வெற்றிகளுள் ஒன்று.) டாம்கேட் என்னும் சேவையகத்தில், நாம் மாற்றாதவரை, இவ்விழைகளின் உச்ச வரம்பு 200. இவை யாவும் தரவுத்தளத்தின் மறுமொழிக்குக் காத்து நின்றால், புதிதாக வருவோர் வாயிலிலேயே நிற்க நேரும். அப்பொழுதும் செயலி ஓய்வாகவே இருக்கும்! செயலியின் சுமையை மட்டும் அளப்போர் ‘எல்லாம் நலம்’ என்றே அறிக்கை தருவர். எனவே வேலையிலுள்ள இழைகள், தரவுத்தள இணைப்புக்குக் காத்திருப்போர், மறுமொழி நேரம் ஆகியவற்றையும் அளத்தல் இன்றியமையாதது.

சேவையகம் நின்றுவிட்டால், மீண்டும் இயக்குமுன் அரை நிமிடம் பொறுத்தல் நன்று. ஒவ்வோர் இழையும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்பதைக் காட்டும் பதிவை, 10 வினாடி இடைவெளியில் மூன்று முறை எடுக்கலாம். வேண்டுகோளை ஏந்தியவாறு மூன்றிலும் ஒரே வரியில் நிற்கும் இழையே ஐயத்திற்குரியது.

சராசரியை நம்புவது மற்றொரு பிழை. நூறு வேண்டுகோள்களில் 98 வேண்டுகோள்கள் 0.2 வினாடியிலும், எஞ்சிய இரண்டு 30 வினாடியிலும் முடிந்தால், சராசரி 0.8 வினாடிதான். அறிக்கை அழகாயிருக்கும், அவ்விருவரோ சலித்து எழுந்து போயிருப்பர்.

அங்ஙனமாயின் அனைத்தையும் அளந்துவிடலாமே என்று கேட்கலாம். அளப்பதும் ஒரு சுமையே. வெப்ஸ்பியர் சேவையகத்தில் இதன்பொருட்டே அடிப்படை, விரிவு, முழுமை எனப் படிகள் உள்ளன. முழுமையை நாள்தோறும் வைத்திருப்பது பேதைமை. விமானப் பதிவுப்பெட்டியை ஒத்த ‘ஃபிளைட் ரெக்கார்டர்’ என்னும் கருவி 2018-இல் ஜாவா 11-ஆம் பதிப்போடு கட்டற்ற மூலநிரலாகக் கிடைத்தது. சிறு சுமையோடு இடையறாது இயங்கும் இதற்கு ஒரு கால வரம்பு விதித்தால், பழைய பதிவுகளைத் தானே நீக்கிக்கொள்ளும்.

நினைவகம் தீர்ந்தவுடன் அதன் உள்ளடக்கம் முழுவதையும் வட்டில் எழுதிவைக்கும் வசதியும் உண்டு. அதை நாமே முடுக்கிவிட வேண்டும். வட்டில் போதிய இடமும் தேவை. மேலும், அக்கோப்பில் பயனாளரின் கடவுச்சொல்லும் முகவரியும் உள்ளவாறே கிடக்கக்கூடும். அதனை ஆய்வுக்கென வெளியாருக்கு அனுப்புமுன், யார் திறக்கலாம், எந்நாளில் அழிக்க வேண்டும் என்பதை எழுத்தில் முடிவு செய்தல் வேண்டும்.