அம்மம்மா எத்தனை எழுத்து?

இந்தக் கிழமை ரெஜெக்ஸ் பற்றிக் கதைச்சனாங்கள். எபிசோட்டில சொல்லாமல் விட்ட கதை இது.

ஸ்காபரோவில எங்கட குடும்ப ஒன்றுகூடலுக்குப் பதிவுப் படிவம் செய்தது நான்தான். போஸ்டல் கோட் சுகம்: எழுத்து, இலக்கம் எண்டு மாறி மாறி ஆறு. டி, எஃப், ஐ, ஓ, கியூ, யூ வராது. டபிள்யூவும் இசட்டும் முதலெழுத்தா வராது.

பெயருக்கு 'ஏ முதல் இசட் வரை' எண்டு போட்டன். அம்மம்மா தன்ர பெயரைத் தமிழில அடிச்சா. 'சரியான பெயரை எழுதவும்' எண்டு சிவப்பில வந்தது.

"அப்ப இது என்ர பெயர் இல்லையோ?" எண்டு கேட்டா.

உடனே யூனிக்கோடின் 'லெட்டர்' வகைக்கு மாத்தினன். அப்பவும் சரிவரேல்ல. ஏனெண்டா, 'அம்மம்மா' எங்களுக்கு 5 எழுத்து. யூனிக்கோடுக்கு 8 குறியீடு. அதில 5தான் 'லெட்டர்'. இரண்டு குற்றும் ஓர் அரவும் 'மார்க்' எண்ட வேற வகை. இரண்டு வகையையும் அனுமதிச்ச பிறகுதான் பெயர் உள்ள போனது. ஜாவாஸ்கிரிப்ட் எண்டா 'யூ' ஃபிளாக்கையும் மறக்காதேங்கோ.

போஸ்டல் கோட்டுக்குக் கனடா போஸ்ட் விதி வச்சிருக்கு. ஆக்களின்ர பெயருக்கு அப்படி எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை. பெட்டி வெறுமையா இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. அது காணும்.