ஒரு குரோமோசோமும் நாற்பது ஆண்டுகளும்

புற்றுநோய் வந்தவர்கள் முன்பைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அதை உடனே நம்பிவிட வேண்டியதில்லை. நோயை மூன்று ஆண்டுகள் முன்னதாகவே கண்டுபிடித்துவிட்டால், இறக்கும் நாள் சற்றும் தள்ளிப்போகாவிட்டாலும், கண்டறிந்த பின் வாழ்ந்த காலம் மூன்று ஆண்டு கூடியதாகக் கணக்கில் ஏறும். தென்கொரியாவில் தைராய்டு புற்றுநோய்க்கு ஸ்கேன் பார்ப்பது பரவியதும், 1993க்கும் 2011க்கும் இடையில் அந்நோய் கண்டறியப்படும் விகிதம் ஏறத்தாழ 15 மடங்கானது. அந்நோயால் இறப்போர் விகிதமோ அப்படியே இருந்தது. உயிருக்கு ஊறு செய்யாத சிறு கட்டிகளையும் சேர்த்து எண்ணியதில் பிழைத்தவர்களின் சதவீதம் மட்டும் உயர்ந்து தெரிந்தது. ஆகவே, செல்லுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டதால்தான் மனிதர்கள் பிழைத்தார்கள் என்று சொல்ல விரும்பினால், இத்தகைய மயக்கத்தைத் தாண்டி நிற்கும் சான்று வேண்டும்.

அந்தச் சான்று, சி.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் இருக்கிறது. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்நோயாளிகளின் ரத்தச் செல்களில் இயல்புக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோம் இருப்பதைக் கண்டார்கள். 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் முனைத் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று காட்டினார். வெட்டுப்பட்டு ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைந்து பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற புதிய புரதத்தை உண்டாக்குவது 1980களில் தெரியவந்தது. செல்லைப் பெருகச் சொல்லும் நொதி அது. தேவைப்படும்போது மட்டும் இயங்க வேண்டிய அந்த நொதி, தொட்டி நிரம்பிய பிறகும் நிற்காத மோட்டார் போல ஓடிக்கொண்டே இருக்கிறது. 1990இல் இந்த இணைப்பு மரபணுவை எலிகளின் மஜ்ஜைச் செல்களில் புகுத்தியபோது அவற்றுக்கும் அதே போன்ற நோய் வந்தது. குட்டைக் குரோமோசோம் நோயின் விளைவு அல்ல, காரணம் என்பதில் அதற்குப் பின் ஐயம் இல்லை. முப்பது ஆண்டுகள் ஆன இந்தத் தேடலின் பெரும்பகுதி, இதிலிருந்து ஒரு மருந்து பிறக்கும் என்ற எந்த உறுதியும் இல்லாமல் நடந்தது.

அந்த நொதி இயங்க ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வேண்டும். அது வந்து பொருந்தும் குழியைத் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைச் சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்து ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அதுதான் இமாட்டினிப். அதை நோயாளிகளிடம் கொண்டுசெல்ல இடைவிடாமல் வற்புறுத்தியவர் ஓரிகன் மாநில மருத்துவர் பிரையன் டிரக்கர். 1998இல் முதல் சோதனை தொடங்கியது. பழைய மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளில், தினமும் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001இல் அமெரிக்கா மருந்துக்கு அனுமதி தந்தது. மஜ்ஜை மாற்று செய்துகொள்ள முடியாதவர்கள் அதுவரை பெரும்பாலும் சில ஆண்டுகளே வாழ்ந்தார்கள். புதிதாக நோய் கண்டவர்களுக்கு இமாட்டினிப் கொடுத்த பெரிய சோதனையிலோ பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் 83 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள்.

இன்று சி.எம்.எல்.லும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அறிகுறி தெரியும் முன்பே அகப்படுகிறதே, இங்கும் அதே கணக்குப் பிழை இருக்காதா என்று கேட்கலாம். சிறிதளவு இருக்கலாம். ஆனால் இந்நோய்க்கென்று மக்கள் அனைவரையும் சோதிக்கும் திட்டம் எதுவும் புதிதாக வந்துவிடவில்லை. ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை 1990களிலேயே சாதாரணமாகிவிட்டது. மாறியது மருந்துதான். சில ஆண்டுகளில் முற்றி உயிரைப் பறித்த நோயோடு மக்கள் இருபது ஆண்டுகள் வாழ்வதை, முன்கூட்டியே கண்டுபிடித்ததால் நேர்ந்த கணக்கு மாயம் என்று தள்ளிவிட முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சி.எம்.எல்.லுக்கு ஒரே மரபணுக் கோளாறுதான் வேர். நுரையீரல், கணையம், குடல் புற்றுநோய்களில் பல கோளாறுகள் பின்னிக் கிடக்கின்றன. உண்மைதான். இமாட்டினிப்பின் வெற்றியைப் பார்த்து எல்லாப் புற்றுநோயும் இப்படி அடங்கிவிடும் என்று அன்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் தோல்வியையும் இதே வழியில்தான் ஆராய முடிந்தது. இமாட்டினிப் சிலரிடம் பலனிழந்தபோது, நொதியின் 315ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதும் அதற்கொரு காரணம் என்பதைச் சார்லஸ் சாயர்ஸ் குழு 2001லேயே கண்டுபிடித்தது. மருந்து பொருந்தாமல் போன காரணம் மூலக்கூறு அளவில் தெரிந்ததால் அந்த மாற்றத்தையும் சமாளிக்கும் பொனாட்டினிப் 2012இல் வந்தது. பிரான்சில் நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகளாவது நோயின் தடயமே காணாதவர்கள் மாத்திரையை நிறுத்தியபோது சுமார் நாற்பது சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்கு ஏன் திரும்பியது, மஜ்ஜையில் எந்தச் செல்கள் மருந்துக்குத் தப்பி ஒளிந்திருக்கின்றன என்ற கேள்வி, மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்கே நம்மை அனுப்புகிறது.

விலையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை இது. காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில், சீபா-கைகியின் வழிவந்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்து இந்தியாவில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயாகவும், உள்நாட்டு நிறுவனங்களுடையது 8,000 முதல் 10,000 ரூபாயாகவும் இருந்தது. மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. அதற்கு அடிப்படையான சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. காப்புரிமை இல்லாவிட்டால் யார் புதிய மருந்து கண்டுபிடிப்பார்கள் என்ற வாதத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். மூலக்கூறைச் செதுக்கியதும் சோதனைகளுக்குச் செலவிட்டதும் நிறுவனம்தான். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி முதல் கண்டுபிடிப்பைப் பற்றியது அல்ல. ஏற்கெனவே அறியப்பட்ட மருந்தின் வேறொரு வடிவம், நோயைக் குணப்படுத்துவதில் கூடுதல் பலன் தருகிறதா என்பதுதான். அந்த மருந்தின் இலக்கு எது என்று சொல்லிக் கொடுத்ததோ, பல்கலைக்கழகங்களிலும் பொது ஆய்வு நிலையங்களிலும் சேர்ந்த அறிவு.