செங்கல் சுமந்தவன் கேட்ட கேள்வி

சுமப்பது சித்தாளின் வேலை. எதைச் சுமப்பது, எங்கே சுமப்பது, எதற்காகச் சுமப்பது என்பதெல்லாம் சீமான்களின் வேலை! காடு அழிகிறதே என்று கவலைப்பட அவன் யார்? கடல் கடந்து எங்கோ குண்டு விழுகிறதே என்று குமுற அவன் யார்? இப்படிக் கேட்கும் கனவான்கள் எந்த நாட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் கேட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பதிலைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

பதில் சொன்னவர் பெயர் ஜாக் மண்டி. மண்டி என்றதும் வெங்காய மண்டியை எண்ணிவிடாதீர்கள். விலைபேசி வாங்க முடியாத மனிதர் அவர்! 1929-இல், குவீன்ஸ்லாந்தின் மலாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தவர். ரக்பி ஆடச் சிட்னிக்கு வந்து, பந்தை விட்டுக் கட்டடச் சாரத்தில் ஏறியவர். பொதுவுடைமைக் கட்சிக்காரர். 1968-இல் நியூ சவுத் வேல்ஸ் கட்டடக் கூலித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார்.

சங்கத் தலைவரின் சம்பளம் தொழிலாளியின் கூலியைத் தாண்டக்கூடாது. வேலைநிறுத்த நாளில் தலைவருக்கும் சம்பளமில்லை. குறித்த காலம் முடிந்ததும் நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். 1973-இல் மண்டி தாமே இறங்கினார். இதைப் படிக்கும்போது யார் யார் முகமோ உங்கள் நினைவுக்கு வந்தால், பழி எம்முடையதல்ல!

அந்நாளில் வியட்நாம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. இருபது வயது இளைஞர்களின் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, தேதி வந்தவனைப் படைக்கு அழைத்தது ஆஸ்திரேலிய அரசு. லாட்டரியில் பணம் விழும் என்று கேட்டிருக்கிறோம். பிணம் விழுந்த லாட்டரி அது! சாரத்தில் நிற்பவனின் மகன்தானே சாகப்போகிறவன்? சங்கம் அந்தப் போரை எதிர்த்தது. 1968-இல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது, மண்டியின் கட்சி அதையும் கண்டித்தது. டாங்கி யாருடையது என்று பார்த்துக் கண்டனத்தை அளக்கவில்லை.

இனிக் காட்டுக்கு வருவோம்.

சிட்னியின் செல்வர் வாழும் ஹண்டர்ஸ் ஹில் பகுதியில், ஆற்றங்கரையோரம் எஞ்சியிருந்த சிறு புதர்க்காடு கெல்லிஸ் புஷ். அதை அழித்து ஆடம்பர வீடுகள் கட்ட வந்தது ஒரு கம்பெனி. அவ்வூர்ப் பெண்கள் பதின்மூவர் காட்டைக் காக்கக் கிளம்பினர். நகரமன்றத்தின் கதவைத் தட்டினர். சட்டமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டினர். முதலமைச்சரின் கதவையும் தட்டினர். எதுவும் திறக்கவில்லை. கடைசியில், எந்தக் கூட்டத்தைக் கண்டு அவர்கள் வீட்டுக் கதவுகள் சாத்திக்கொள்ளுமோ, அந்தச் சிவப்புச் சங்கத்தின் கதவைத் தட்டினர்!

“பணக்காரர் வீட்டுக் காற்றுக்காக நாம் ஏன் கூலியை இழப்பது?” என்று சங்கம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் சங்கம் சொன்னது வேறு: ஊர் கூடட்டும், ஊர் கேட்கட்டும். கூடினார்கள், ஏறத்தாழ அறுநூறு பேர். 1971-இல் தடை பிறந்தது. எம் உறுப்பினர் எவரும் அங்கே மண்ணைத் தொடமாட்டார் என்றது சங்கம். வேறு ஆட்களைக் கொண்டு கட்டுவோம் என்று மிரட்டியது கம்பெனி. உடனே, அதே கம்பெனிக்காக வேறோரிடத்தில் அலுவலகக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அறிவித்தார்கள்: அங்கே ஒரு மரம் விழுந்தால், இங்கே இந்தக் கட்டடம் என்றென்றும் அரைகுறையாகவே நிற்கும், கெல்லிஸ் புஷ் காட்டின் நினைவுச்சின்னமாக! கம்பெனி பின்வாங்கியது.

அதற்குப் பச்சைத் தடை என்று பெயர் வந்தது. ஓபரா மாளிகைக்கு வருவோர் கார் நிறுத்துவதற்காகப் பலியாகவிருந்த அத்திமரங்கள் தப்பின. கப்பல்துறை ஏழைகளின் பழைய வீடுகள் நிறைந்த ராக்ஸ் பகுதி தப்பியது. நாற்பதுக்கும் மேற்பட்ட தடைகள். கூலிக்காரன் நின்றால் கோடிகளும் நிற்கும் என்று நகரம் கண்டது. வேலைக்குப் பஞ்சமில்லாத கட்டடப் பெருக்கக் காலம் அது என்பதும் உண்மை. ஒரு தளத்தை மறுத்தவனுக்கு இன்னொரு தளம் இருந்தது. ஆயினும், இருக்கிற வேலையை மறுக்க எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்?

விலை கொடுக்காமலும் இல்லை. 1973-இல் ராக்ஸ் பகுதியில் மறியல் செய்த மண்டியைப் போலீசார் தூக்கிச் சென்றனர். விக்டோரியா தெருவின் வீடுகளுக்காகத் தம் பத்திரிகையில் எழுதிப் போராடிய ஜூவானிட்டா நீல்சன் 1975 ஜூலையில் காணாமற்போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை. கட்டடத் தொழில் சரியத் தொடங்கிய நேரத்தில், சங்கத்தின் அகில ஆஸ்திரேலியத் தலைமையே சிட்னிக்குள் புகுந்தது. முதலாளிமார் அதற்குத் துணைநின்றனர். 1975-இல் மண்டியும் தோழர்களும் வெளியேற்றப்பட்டனர். தாம் வளர்த்த சங்கத்தில் உறுப்பினர் சீட்டுக்கூட இல்லை. சீட்டு இல்லையேல் வேலையும் இல்லை. பகைவன் வெட்டிய காயத்தைவிட இது ஆழமானது என்போம்.

அந்தப் பச்சை, கடல் தாண்டியது. எழுபதுகளில் ஆஸ்திரேலியா வந்த ஜெர்மானியப் பெண்மணி பெட்ரா கெல்லி, கட்டடத் தொழிலாளி மரத்துக்காக மறியல் செய்த கதை கேட்டு வியந்து, அந்தச் சொல்லை ஜெர்மனிக்கு எடுத்துச்சென்றார் என்று ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சித் தலைவராயிருந்த பாப் பிரவுன் சொல்லியிருக்கிறார். 1980-இல் அங்கே பிறந்த பசுமைக் கட்சி, அணு ஏவுகணைகளை எதிர்த்து, 1983-இல் நாடாளுமன்றம் புகுந்தது. காட்டையும் போரையும் ஒரே மேடையில் பேசிய கட்சி!

அதே 1983-இல் கெல்லிஸ் புஷ் காட்டை அரசே வாங்கிப் பொதுமக்களுக்கு விடுவதாக அறிவித்தது. மறு ஆண்டு மண்டி சிட்னி நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தூக்கிச் சென்ற நகரத்திலேயே திட்டக் குழுவின் தலைமை அவருக்கு. முதுமையிலும் ராக்ஸ் பக்கத்து ஏழைகளின் குடியிருப்புக்காகத் தெருவில் நின்றார். 2020 மே 10-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் மறைந்தார். அத்திமரங்கள் நிற்கின்றன.