பேண்ட் ‘சரி’ என்றால் போதுமா?

“பாட்டைப் போட்டா கேஸ் போடுவாங்களா மாமா?” என்று கேட்டாள் அக்கா மகள். மந்தைவெளிக்காரி. எந்த ஆடியோ கம்பெனியும் இன்னும் கையெழுத்து வாங்காத சென்னை பேண்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் தொடங்கப் போகிறாளாம். எந்த மைக் வாங்கலாம், எந்த ஆப் நல்லது என்று சுற்றி வளைக்காமல் நேரே இந்தக் கேள்விக்கு வந்தாளே, அதிலேயே பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்துவிட்டது. மைக் ரிச்சி தெருவில் கிடைக்கும். மீதியைப் பேசத்தான் டீ சொல்லியிருக்கிறது.

பாட்காஸ்ட் என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒலிக்கோப்பு எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். கோப்பின் முகவரி, தலைப்பு, தேதி ஆகியவற்றைச் சொல்லும் ஒரு பட்டியல் பக்கத்திலேயே இருக்கும். அதற்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். கேட்பவரின் போனில் உள்ள ஆப் அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது வந்திருந்தால் எடுத்துக் கொடுக்கும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 58 எம்பிக்குள் அடங்கிவிடும். எஃப்எம் நடத்த வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் அலைவரிசைக்கு உரிமம் வாங்க வேண்டும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் அப்படி வாங்கித்தான் அண்ணா எஃப்எம்மைத் தொடங்கியது. பாட்காஸ்டுக்கு அந்த அலைச்சல் இல்லை. நம் பேச்சு நம்முடையது, யாரையும் கேட்க வேண்டாம். பாட்டு அப்படியா? சிக்கல் அங்கேதான்.

மயிலாப்பூரைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மாடவீதிகளைச் சுற்றிப் பல வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடிமனை கபாலீசுவரர் கோயிலுடையது. மேலே நிற்கிற கட்டடம் வேறொருவருடையது. பாட்டும் அந்த மாதிரிதான். மெட்டும் வரிகளும் அடிமனை. ஸ்டூடியோவில் பதிவான ஒலிப்பதிவு அதன்மேல் எழுந்த கட்டடம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இவற்றைத் தனித்தனிச் சொத்தாகவே பார்க்கிறது. ஒரு பாட்டை முழுதாக ஒலிபரப்ப இரண்டு சொந்தக்காரர்களும் தலையசைக்க வேண்டும். 2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது நினைவிருக்கும். மேடையில் நேரடியாகப் பாடும்போது ஒலிப்பதிவு எதுவும் ஓடுவதில்லையே, பிறகு என்ன வழக்கு என்று பலர் கேட்டார்கள். கட்டடத்தைத் தொடாவிட்டாலும் அடிமனை இருக்கிறது என்பதுதான் அதற்குப் பதில். யார் பக்கம் நியாயம் என்பதைப் பேச ஆரம்பித்தால் இந்த டீ ஆறிவிடும், விடுங்கள்.

சினிமாப் பாட்டில் அடிமனைக்கும் கட்டடத்துக்கும் ஆயிரம் கைகள். பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர், ஆடியோ கம்பெனி, உரிமைச் சங்கம். மந்தைவெளியில் மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் இவர்கள் எல்லாரிடமும் அனுமதி வாங்கி எபிசோட் போடுவது நடக்கிற காரியமில்லை. லேபிள் இல்லாத பேண்டிடம் நிலைமை தலைகீழ். பாட்டை அவர்களே எழுதினார்கள், அவர்களே காசு போட்டு ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள், அவர்களே இணையத்தில் ஏற்றினார்கள். அடிமனையும் கட்டடமும் ஒரே கையில். பாட்டு என்றாலே சினிமா என்றிருக்கும் இந்த ஊரில், எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே “போட்டுக்கோ” என்று சொல்லும் அதிகாரம் உள்ள இசைக்காரர்கள் இவர்கள் மட்டும்தான். பாட்காஸ்டும் இந்த பேண்டுகளும் ஒன்றையொன்று தேடிப்போவதற்கு ரசனையைவிட இதுதான் முதல் காரணம் என்பேன்.

ஆனால் அந்தப் “போட்டுக்கோ”வை அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் யார் என்பதற்கு, அதை உருவாக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர் என்கிறது சட்டம். கிடாரிஸ்ட்டின் நண்பர் ஸ்டூடியோவை இலவசமாகக் கொடுத்தாரா? ஏதாவது குளிர்பானக் கம்பெனி விளம்பரத்துக்காகப் பதிவு செய்ததா? அப்படியானால் கட்டடத்துக்கு வேறு சொந்தக்காரர் இருக்கக்கூடும். அடுத்து, போன வருஷம் சண்டை போட்டுக்கொண்டு கனடாவுக்குப் போன பழைய கீபோர்டுக்காரர். மெட்டில் அவருக்கும் பங்கு உண்டென்றால் அவருடைய சம்மதமும் வேண்டும். கடைசியாக, ஐபிஆர்எஸ். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமையைக் கூட்டாக நிர்வகிக்கும் இந்தச் சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. 2012-ல் சட்டம் திருத்தப்பட்டு, எழுதியவர்களின் ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று வந்த பிறகு இளைஞர்களும் உறுப்பினராகிறார்கள். ஆக வேண்டியதுதான். ஆனால் உறுப்பினரானவர் தன் உரிமையின் ஒரு பகுதியைச் சங்கத்திடம் ஒப்படைத்திருப்பார். அதன் பிறகு அவர் தனியாகச் சொல்லும் ‘சரி’க்கு முழுப் பலம் இருக்காது.

“அப்போ கவர் சாங்?” என்றாள். தி. நகரிலோ அடையாறிலோ ஒரு பாரில் வாசிக்கும் பேண்ட், நிகழ்ச்சியில் பாதிக்குமேல் ரஹ்மானும் ராஜாவும்தான் வாசிக்கும், வயிற்றுப்பாடு அப்படி. அவர்கள் எவ்வளவு அழகாக மாற்றி வாசித்தாலும் அது அடுத்தவர் மனையில் கட்டிய வீடு. பாட்காஸ்டில் வேண்டாம். ‘முப்பது வினாடி வரை போடலாம்’ என்று ஒரு கதை உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. விமரிசனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று 52-வது பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். எது நியாயமான அளவு என்பது நீதிமன்றம் பார்த்துச் சொல்வது. ஒரு பாட்டின் இடையிசையைப் பிரித்து விளக்குவதற்காக ஒரு துண்டைப் போடுவது வேறு, பின்னணிக்கு ஓடவிடுவது வேறு.

அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30-வது பிரிவு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலக்கெடு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் கேட்பார்கள் என்று ஆசைப்பட்டுத்தானே தமிழில் பாட்காஸ்ட் போடுகிறோம்? அதனால் ஒரு மின்னஞ்சல். இன்னின்ன பாட்டு, இந்த பாட்காஸ்டில், உலகம் முழுவதும், காலவரையறை இல்லாமல். எல்லா உறுப்பினர்களும் ‘சம்மதம்’ என்று பதில் போட வேண்டும். வக்கீல் இல்லாமலே ஆகிற வேலை.

இவ்வளவும் செய்துவிட்டு எபிசோடை யூடியூபில் ஏற்றினால் அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். பேண்ட் தன் பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு அனுப்ப ஒரு வினியோக நிறுவனத்தைப் பிடித்திருக்கும். அந்த நிறுவனம் பாட்டை யூடியூபின் அடையாளப் பட்டியலிலும் சேர்த்திருக்கும். எபிசோடில் அந்தப் பாட்டு வந்ததும் இயந்திரம் உரிமை கோரும். கோருவது யார் என்று பார்த்தால், எதிரே உட்கார்ந்து சம்மதம் தந்த அதே பேண்டின் பெயர் இருக்கும். இயந்திரத்துக்கு மின்னஞ்சல் தெரியாது. பேண்டிடம் சொல்லி, வினியோகஸ்தர் மூலம் உங்கள் சேனலுக்கு முன்கூட்டியே விலக்கு வாங்கிவைக்க வேண்டும்.

இந்தத் தொல்லை பாதி குறைய ஒரு பழைய வழி உண்டு. பிபிசியில் ஜான் பீல் 1967-லிருந்து 2004-ல் இறக்கும்வரை யாரும் கேட்டிராத பேண்டுகளைத் தேடிப் பிடித்து ஒலிபரப்பினார். அந்த நாளில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று பிபிசிக்குக் கட்டுப்பாடு இருந்தது. மீதி நேரத்தை நிரப்ப பேண்டுகளை ஸ்டூடியோவுக்கே அழைத்துப் புதிதாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். இன்று ‘பீல் செஷன்ஸ்’ என்று கொண்டாடப்படும் பதிவுகள் பிறந்தது அந்தக் கட்டுப்பாட்டால்தான். நம் நாட்டில் மே மரியம் தாமஸ் 2015-ல் மும்பையிலிருந்து தொடங்கிய ‘மேட் இன் இண்டியா’ பாட்காஸ்டிலும் இதே முறை உண்டு: சுயாதீனக் கலைஞர் வருகிறார், பேசுகிறார், அங்கேயே எளிமையாக வாசித்துக் காட்டுகிறார். நீங்களே பதிவு செய்தால் கட்டடம் உங்களுடையது; அடிமனைக்கும், வாசிப்பவர்களிடம் அந்த வாசிப்பைப் பதிவு செய்து வெளியிடுவதற்கும் அனுமதி கேட்டால் போதும். கேட்பவருக்கும் வேறெங்கும் கிடைக்காத ஒரு வடிவம் கிடைக்கும்.

சென்னையில் இதற்கு அறை தேடுவதுதான் பெரும்பாடு. ஜன்னலைத் திறந்தால் லஸ் முனையின் ஹாரன், மூடினால் வியர்வை, மின்விசிறி போட்டால் மைக்கில் அதன் கரகரப்பு. பேண்ட் வழக்கமாகப் பயிற்சி செய்யும் ஜாம் ரூமுக்கே போய்விடுவது உத்தமம். பேச்சையும் பாட்டையும் ஒட்டும்போது ஒலியளவைச் சரிபார்க்க மறக்காதீர்கள். ஒலியின் உரப்பை அளக்கும் அலகான எல்கேஎஃப்எஸ்ஸில் ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16. பேச்சு முனகலாகவும் பாட்டு இடியாகவும் வந்தால் 21ஜி பேருந்தில் இயர்போனோடு போகிறவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

சரி, சட்டம் முடிந்தது. என்ன பேசுவது?

கல்கி ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரி விமரிசனம் எழுதினார். டிக்கெட் வாங்க முடியாத வெளியூர்க்காரர்கூட அதைப் படித்துவிட்டு வித்வான்களைப் பற்றிச் சண்டை போட்டார். மார்கழியில் மேடையில் நடப்பது ஒரு பாதி. சபா கான்டீனில் நடக்கும் வம்பு மறு பாதி. நம் பேண்டுகளுக்குக் கான்டீன் இல்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது, யாரோடு யார் வாசித்தார்கள் என்று ஒன்றும் தெரிவதில்லை. குரங்கன் என்று ஒரு பேண்ட். அதில் இரண்டு பேர், கபேர் வாசுகியும் தென்மாவும். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்துக்காகக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடலின் வரிகள் கபேர் வாசுகியுடையவை. அடுத்த ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவும் ராப்பும் ராக்குமாக மேடையேறியபோது அதை வழிநடத்தியவர் தென்மா. 2015-ல் பெசன்ட் நகர் கடற்கரையோரம் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில் கர்நாடக சங்கீதம் மீனவக் குப்பத்துக்கு வந்தது. கிருஷ்ணா அதற்கும் முன்நின்றவர். இந்த இழைகளைச் சேர்த்துச் சொல்ல ஆள் வேண்டும். “உங்க இன்ஸ்பிரேஷன் யாரு?” என்று கேட்கும் பேட்டியில் இவை வராது. “டிரம் செட்டை யார் வண்டியில் தூக்கிட்டுப் போறீங்க? இந்த வரியை ஏன் மெட்ராஸ் பாஷையில் வெச்சீங்க? முதல்ல இங்கிலீஷ்ல எழுதினீங்களாமே?” என்று கேட்டால் வரும்.

கூடவே, பாட்டு நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல்லுங்கள். இந்த வட்டம் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் நண்பர்கள், அதனால் எல்லாப் பாட்டும் ‘வேற லெவல்’ ஆகிவிடுகிறது. கர்நாடகம் அப்படி எழுதியிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

காசு? பெரிதாக வராது. 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாவிட்டால் அதற்கு ராயல்டி கணக்கே தொடங்காது. புது பேண்டுக்கு அந்த ஆயிரத்தைத் தாண்ட உங்கள் எபிசோட் ஒரு தள்ளு கொடுக்கலாம். உங்களுக்கு வரும்படி வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். ஆர்வத்தில் தொடங்கிக் காசில்லாமல் நின்றுபோனதற்கு இந்த ஊரில் முன்னுதாரணம்கூட இருக்கிறது. ஆல் இண்டியா ரேடியோ பிறப்பதற்கு முன்பே, 1924-ல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் ஆர்வலர்கள் சிலரும் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் என்று தொடங்கிச் சொந்தமாக ஒலிபரப்பினார்கள். 1927-ல் பணம் தீர்ந்து நின்றது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போனது. 1930-லிருந்து மாநகராட்சி நடத்தியது. 1938-ல் ஆல் இண்டியா ரேடியோ ஏற்றுக்கொண்டது. ஆகவே வாரம் ஒன்று என்று சபதம் எடுக்காதீர்கள். ஆறு எபிசோடை முடித்து வைத்துக்கொண்டு வெளியிடத் தொடங்குங்கள்.

ஒன்று பாக்கி. நீங்கள் பேசிய பேண்ட் நாளை ஒரு கம்பெனியில் கையெழுத்திட்டால்? பாட்டு எல்லாவற்றையும் கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ளும், பழைய எபிசோடை எடுக்கச் சொல்லி உங்களுக்குக் கடிதம் வரலாம். அதற்கு முந்தைய தேதியில், உலகம் முழுவதும் காலவரையறை இல்லாமல் என்று எல்லா உறுப்பினர்களும் பதில் போட்ட மின்னஞ்சல் உங்களிடம் இருந்தால், அதைத்தான் முதலில் எடுத்துக் காட்ட வேண்டும். அச்சிட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பேண்டிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள், கையெழுத்திடும் முன் கம்பெனியிடம் அவர்களே காட்டட்டும்.