டாக்டரும் இல்லை, கடைக்காரியும் இல்லை... என் மகள் ஆப்டோமெட்ரிஸ்ட்!

பெண் பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டால் போதும், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: 'அடுத்து இன்ஜினியரிங்கா, நர்சிங்கா?' நாலு வருஷத்துக்கு முன் என் மகள் 'ஆப்டோமெட்ரி' என்று சொன்னதும், உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். 'கண்ணாடிக் கடையில உக்காரவா நாலு வருஷம் படிக்கிறது?' என்றார் ஒரு பெரியவர். 'டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுல என்னன்னு சொல்லுவீங்க அண்ணி?' என்றார் என் நாத்தனார். என் கணவருக்கும் தயக்கம். மகளோ, 'முழுசா கேட்டுட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்கப்பா' என்று உட்கார வைத்து விளக்கினாள். பெண் பிள்ளைகளைப் பெற்ற சகோதரிகளுக்குப் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்பவர், மருந்து எழுதுபவர் கண் டாக்டர். சீட்டில் உள்ள பவருக்குக் கண்ணாடி செய்து தருபவர் கடைக்காரர். இருவருக்கும் நடுவில், பார்வை எவ்வளவு இருக்கிறது, ஏன் குறைந்தது, என்ன பவர் வேண்டும் என்று சோதித்துச் சொல்பவர்தான் ஆப்டோமெட்ரிஸ்ட். கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, மாறுகண் பிள்ளைகளுக்குக் கண் பயிற்சி தருவது, கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பூதக்கண்ணாடி போன்ற சாதனங்களைப் பழக்குவது எல்லாமே இந்தப் படிப்பில் வரும். நோய் என்று சந்தேகம் வந்தால் உடனே டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும்.

இது நேற்று முளைத்த படிப்பும் இல்லை. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி 1985-லேயே தொடங்கிவிட்டது. மூன்று வருஷம் பாடம், ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று மொத்தம் நாலு வருஷப் பட்டம். மேலே எம்.ஆப்டம், பிஎச்.டி. வரை போகலாம். 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்திலும் இந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் என் கணவர், 'சரி, படி' என்றார்.

படிப்பு லேசு என்று நினைத்துவிடாதீர்கள்! காலை 5 மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புவாள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறி செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே படிப்பு. முதல் வருஷம் ஒளியியல் கணக்குகள் அவளை அழ வைத்தன. லென்ஸ் வழியாக வெளிச்சம் எப்படி வளைகிறது என்று நோட்டு நோட்டாகப் படம் வரைவாள்.

இரண்டாம் வருஷத்திலிருந்து எங்கள் கூடமே பரிசோதனைச் சாலையாகிவிட்டது. ரெட்டினாஸ்கோப் என்று டார்ச் மாதிரி ஒரு கருவி. விளக்கை அணைத்துவிட்டு என் கண்ணில் ஒளியைப் பாய்ச்சி இப்படியும் அப்படியும் அசைப்பாள். கண்ணுக்குள் தெரியும் வெளிச்சம் கூடவே போகிறதா, எதிர்ப் பக்கம் போகிறதா என்று பார்த்து, அசைவே தெரியாத வரை லென்ஸை மாற்றி மாற்றி வைப்பாள். அதிலிருந்தே பவர் தெரிந்துவிடுமாம். 'நீ வாயைத் திறக்கவே வேணாம்மா. பேசத் தெரியாத கைக்குழந்தைக்குக்கூட இப்படித்தான் பவர் கண்டுபிடிப்போம்' என்றபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்படிப் பழகும்போதுதான் ஒருநாள் என் மாமியாரை உட்கார வைத்தாள். எப்போதும் கலகலவென்று பேசுகிறவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 'பாட்டி, வலது கண்ணுல வெளிச்சமே சரியாத் தெரியலை. புரையா இருக்கும்னு தோணுது. டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்' என்றாள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, வேதகிரீஸ்வரர் மலையில் இறங்கும்போது படி விளிம்பு தெரியவில்லை என்று மாமியார் மலையேறுவதை நிறுத்தியிருந்தார். 'வயசானா இப்படித்தான்' என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். டாக்டரிடம் காட்டினோம். புரையேதான்! ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுவாரம், அரிசியில் கல் பொறுக்க முறத்தோடு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக் கவலைப்பட்ட நாத்தனார், இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் 'எங்க அண்ணன் பொண்ணுதான் அம்மா கண்ணைக் கண்டுபிடிச்சா' என்கிறார்!

அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைவாக இருந்தால் அதற்கே தெரியாது. நல்ல கண்ணால் சமாளித்துவிடும். கவனிக்காமல் விட்டால் அந்தக் கண் 'சோம்பல் கண்' ஆகிவிடும். ஏழு, எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சரி செய்வது சுலபம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண்ணை மூடச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்தால் டாக்டரிடம் போங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, மாத்திரை அட்டையைத் தள்ளிப் பிடித்தால்தான் தெரிகிறது என்றால், அது வெள்ளெழுத்து. எல்லாருக்கும் வருவதுதான். பரிசோதிக்காமல் கடையில் ரெடிமேட் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும். சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும்.

பட்டப்படிப்புக்கு வசதி இல்லையே என்று தயங்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு உதவித்தொகையோடு இரண்டு வருஷப் பயிற்சி தந்து வேலைக்கும் எடுத்துக்கொள்கிறது. பார்வைப் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர் உதவி எல்லாம் கற்றுத் தருகிறார்கள்.

என் மகள் இப்போது பயிற்சி வருஷத்தில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கடை, லென்ஸ் கம்பெனி என்று எங்கு போனாலும் வேலை இருக்கும் என்கிறாள். அவளுக்கோ கிராமத்து முகாம்களில்தான் ஆசை. குடும்பத்தில் எல்லார் கண்ணையும் கவனித்துவிட்டுத் தன் கண்ணை மட்டும் மறந்துவிடுபவர்கள் நம் பெண்கள்தான் சகோதரிகளே. இந்த மாதமே ஒருநாள் ஒதுக்கி, உங்கள் கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, திருக்கழுக்குன்றம்.