கிளியோபாத்ராவும் மகனும்
தெண்டெரா ஹாத்தோர் கோயில், தெற்குப் பின்சுவர்
மணற்கல் புடைப்புச் சிற்பம், கி.மு. 1ஆம் நூற்றாண்டு

தெய்வங்களுக்கு முன் தூபம் காட்டி நிற்பவர் சிசேரியன் எனப்பட்ட 15ஆம் தாலமி. அவர் பின்னால் சிஸ்ட்ரம் என்னும் கிலுக்குக் கருவியை ஏந்தி நிற்பவர் தாய் 7ஆம் கிளியோபாத்ரா. இருவருக்கும் இடையிலுள்ள சிற்றுருவம், மன்னரின் உயிராற்றலான ‘கா’.

கி.மு. 305 முதல் 30 வரை எகிப்தை ஆண்ட தாலமி மரபினர், மாசிடோனியாவிலிருந்து வந்த கிரேக்கர்கள். அலெக்சாந்திரியா அரசவையின் மொழி கிரேக்கம். நாணயங்களில் அவர்கள் முகமும் கிரேக்கப் பாணியிலேயே அமைந்தது. கோயில் சுவரிலோ முழுக்கப் பாரோக்களின் கோலம். அரசியின் மகுடத்தைக் கவனியுங்கள்: பசுக்கொம்புகள், அவற்றிடையே சூரிய வட்டம், மேலே உயர்ந்த இரு இறகுகள். எகிப்தியர் நம்பிக்கைப்படி தெய்வங்களுக்குப் படையலிடுவது பாரோவின் தலையாய கடமை. அந்தக் கடமையை ஏற்றவர்களாகத் தங்களைக் காட்டியே, பூசாரிகளின் ஆதரவோடு இந்த அயல் மரபினர் ஆண்டனர்.